தெருவில் விடப்பட்ட மாடுகளைக் குப்பைப் பாலித்தீனிலிருந்து காக்கக் கோரும் மனு

அனுப்புநர்: மாடு வளர்ப்போர் மற்றும் கால்நடைப் பணியில் ஓய்வு பெற்றோர், தருமபுரி நகரம்.

பெறுநர்: உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள், தருமபுரி.

பொருள்: கைவிடப்பட்ட மாடுகள் குப்பையில் பாலித்தீன் தின்று சாவதைத் தடுக்க நடவடிக்கை கோருதல் தொடர்பாக.

பார்வை: இதே பொருளில் கீழ்நிலை அலுவலகத்தில் முன்பு அளித்த மனுக்கள். பதில் இல்லை.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான்கு ரோட்டிலும் சந்தைப்பேட்டையிலும் பேருந்து நிலையத்தைச் சுற்றியும் திரியும் மாடுகளைத் தாங்கள் அறிவீர்கள். போக்குவரத்து இடைஞ்சலைப் பற்றி எழுத மற்றவர்கள் இருக்கிறார்கள். நாங்கள் எழுதுவது அந்த மாடுகளின் வயிற்றைப் பற்றி.

1. சில மாடுகளுக்குச் சொந்தக்காரர் உண்டு. விடியற்காலை கறந்துவிட்டு அவிழ்த்து விடுகிறார்கள். மற்றவை கைவிடப்பட்டவை: பலமுறை ஊசி போட்டும் சினை பிடிக்காதவை, மடிநோயில் காம்பு அடைத்தவை, கலப்பினக் காளைக் கன்றுகள். டிராக்டர் வந்தபின் காளைக் கன்றுக்கு வைக்கோல் போட யாருக்கும் மனமில்லை.

2. மாட்டுக்கு மேல்தாடையில் முன்பல் கிடையாது. ஆட்டைப் போல உதட்டால் பொறுக்கவும் தெரியாது. நாக்கைச் சுழற்றி வாரி விழுங்கிவிடும். சோற்றைக் கட்டி எறிந்த பை, முடிச்சு அவிழாமல் அப்படியே உள்ளே போகிறது. பாலித்தீன் முதல் வயிற்றைத் தாண்டி இறங்காது. நைலான் கயிறு, துணி எல்லாவற்றோடும் முறுக்கிக்கொண்டு கட்டியாகிவிடும். அசைபோடுவது நின்று, சாணம் கொஞ்சமாகப் பசைபோல வரும், இடப்பக்கம் உப்பும். பார்க்கிறவர்கள் "சினையா இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். வயிறு நிறைய இருந்தும் பட்டினியில் சாகிறது ஐயா. 2019இல் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் ஒரே பசுவின் வயிற்றிலிருந்து 52 கிலோ பிளாஸ்டிக் எடுத்தார்கள். குப்பையில் கம்பியோ ஊசியோ இருந்தால் இன்னும் மோசம். அது இரண்டாம் வயிற்றில் தங்கி, முன்பக்கம் குத்திக்கொண்டு போய் இதயத்தைத் தொடும். கழுத்து நரம்பு புடைத்து, தாடைக்கடியிலும் நெஞ்சிலும் நீர் கோத்துவிட்டால் பிறகு மருந்துக்கு வேலையில்லை.

3. முகூர்த்த நாளுக்கு மறுநாள் மண்டபத்துச் சோறு. பசித்த மாடு ஒரே மூச்சில் தின்றால் வயிற்றில் அமிலம் ஏறி, ஒன்றிரண்டு நாளில் எழ முடியாமல் படுத்துவிடும்.

4. கால்நடை மருத்துவ உதவிக்கான 1962 என்ற தொலைபேசி எண்ணுக்கு அழைத்தால் மருத்துவ ஊர்தி வருகிறது. அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் இடப்பக்க விலாவுக்குப் பின்னால் கிழித்துக் குப்பையை எடுத்த மாட்டை அதே தெருவில் எங்கே கட்டுவது? தையல் பிரிக்கவே 10 முதல் 14 நாள் ஆகும். அதுவரை நிழல், மருந்து, இளம்புல் வேண்டும். அவிழ்த்துவிட்டால் அதே குப்பைமேட்டுக்குத்தான் போகும். பிடித்து ஊருக்கு வெளியே விட்டாலும் திரும்பி வருகிறது, அல்லது சேலம் நெடுஞ்சாலையில் லாரிக்கு அடியில் போகிறது. இதையும் முன்பே எழுதிக் கொடுத்தோம்.

5. கிரகப்பிரவேசத்துக்குப் பசு வேண்டும், மாட்டுப் பொங்கலுக்குக் கொம்பில் வர்ணம் வேண்டும். அமாவாசையன்று அகத்திக்கீரை கொடுக்கிறார்கள், அதையும் பாலித்தீன் பையோடு வீசிவிட்டுக் கும்பிட்டுப் போகிறார்கள். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 1.1.2019 முதல் தமிழ்நாட்டில் தடை. எந்தக் கடையில் பை கிடைக்கவில்லை ஐயா? கால்நடையைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டு பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆவது பிரிவில் குற்றம். முதல் முறைக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய்! ஒரு வேளைத் தவிட்டுக்குக்கூட ஆகாது. அதைக்கூட விதித்ததாக நாங்கள் கேள்விப்படவில்லை.

ஆகவே ஐயா அவர்கள் தயவுசெய்து, ஓட்டல், மண்டபக் கழிவைத் தெருவில் கொட்டவிடாமல் மூடியுள்ள பீப்பாயில் வைத்து, விடியுமுன் அள்ள உத்தரவிட வேண்டும். பிடிபடும் மாட்டின் காது வில்லையிலுள்ள 12 இலக்க எண்ணைக் கால்நடைத் துறைப் பதிவில் பார்த்து உரியவரை வரவழைக்க வேண்டும். வில்லை அறுக்கப்பட்டிருந்தால் புதிதாகப் போட வேண்டும். உரியவர் இல்லாதவற்றுக்கு ஒரு கொட்டகை போதும். கறவை வற்றிய மாட்டுக்கு நாளொன்றுக்கு 15 முதல் 20 கிலோ பசுந்தீவனம், 4, 5 கிலோ வைக்கோல், வெயில் காலத்தில் 50 லிட்டர் தண்ணீர் என்று கணக்கிட்டு ஏற்பாடு செய்தால் சமாளிக்கலாம். உழவர் சந்தையில் மிஞ்சும் கீரைத்தழையைப் பையில்லாமல் அந்தக் கொட்டகைக்கே அனுப்பலாம்.

மீண்டும் கேட்டுக்கொள்கிறோம்: மற்றவை தாமதமானாலும், குப்பை அள்ளும் உத்தரவை மட்டுமாவது அடுத்த முகூர்த்தத்துக்கு முன் பிறப்பிக்க வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கீழே கையொப்பமிட்டோர்

இணைப்பு: முந்தைய மனுக்களின் நகல்களும் ஒப்புகைச் சீட்டுகளும்.