அங்க மப்பு போட்டிருக்கா?

சிங்கப்பூர்
ஐப்பசி, ஞாயித்துக்கிழமை

அன்புள்ள அம்மாவுக்கு,

(சின்னக்கா, உன் போனுக்குத்தான் அனுப்புறேன். அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டு, நடுவுல நிறுத்தி உன் கருத்தைச் சொல்லாத.)

முருகேசண்ணே லீவு முடிஞ்சு போன மாசமே வந்து சேந்தாக. நீ குடுத்துவிட்ட உப்பு நாரத்தங்கா, பருப்புப்பொடி, நாலா மடிச்ச கடுதாசி மூணும் கைக்கு வந்துச்சு. கருவாடு மட்டும் வரல. பெட்டி நாறிப்போகும்னு அண்ணி எடுத்து வச்சுக்கிட்டாகளாம், அது அன்னைக்கே அவுக வீட்டுல கொழம்பாகியிருக்கும். கடுதாசிய தேக்காவுல ரேஸ் கோர்ஸ் ரோட்டுப் பக்கம் புல்லுத்தரையில ஒக்காந்து ரெண்டு தடவ படிச்சேன். பதில் எழுதணும் எழுதணும்னு மூணு வாரம் ஓடிப்போச்சு, கோவிச்சுக்காத.

"உன் கொரலு ஒரு மாதிரியா இருக்கு, பேசினாலும் ம், சரி, வைக்கவான்னு வச்சுடுற, அங்க எந்நேரமும் மழையும் மூட்டமுமா இருக்காமே, அதுல மனசு கினசு சரியில்லாம போச்சா"ன்னு எழுதியிருந்தியே. ஆமாம்மா, மழைதான் காரணம். வேற ஒண்ணுமில்ல. நீ டிவில பாத்தது சரிதான்.

இங்க நம்மூரு மாதிரி சித்திரை வெயில் தனி, ஐப்பசி மழை தனி, மார்கழிப் பனி தனின்னு கெடையாது. பூமத்திய ரேகைக்கு ஒட்டுனாப்புல இருக்கிற ஊரு, அதனால வருஷம் பூரா காலைல ஏழு மணி வாக்குல விடியும், சாயங்காலம் ஏழு மணி வாக்குல இருட்டும், நீளமான பகலுக்கும் குட்டிப் பகலுக்கும் பத்து நிமிஷம்கூட வித்தியாசம் இல்ல. ஏழு மணிக்கு விடியுறதுக்கே ஒரு கதை இருக்கு, 1982ல இவங்க கடிகாரத்தை அரை மணி முன்னாடி தள்ளி வச்சுக்கிட்டாங்களாம், அதுலேர்ந்து ஊரே இருட்டுலதான் எந்திரிக்குது. நாங்க அஞ்சரைக்கே லாரி ஏறிடுவோம். குளிரு குளிருன்னு நீ அனுப்பின அந்த ஸ்வெட்டரு பெட்டியிலதான் கெடக்கு. இங்க குறைஞ்ச குளிருன்னா 1934ல 19.4 டிகிரியாம், அதுக்கப்புறம் அதுகூட இல்லையாம். நம்ம மார்கழிக் காலை மாதிரி. மாமாகிட்ட சொல்லு, சிரிப்பாக.

மழைன்னா ஐப்பசி கார்த்திகையில மத்தியானம் ஆனா போதும், வெயிலு பளீர்னு அடிச்சுக்கிட்டு இருக்கும்போதே கறுத்து வந்து இடி இடிக்கும். சில நாளு விடியக்காலையில சுமத்ரா பக்கமிருந்து காத்தோட வந்து அடிச்சு ஊத்தும், லாரிலயே நனைஞ்சுடுவோம். மின்னலுன்னா இங்க பயங்கர கணக்கு வச்சிருக்காங்க. சைட்ல 'கேட் ஒன்'னு சொல்லிடுவாங்க, கேட்டகிரி ஒன், அதான் மின்னல் எச்சரிக்கை, சைரன் ஊதும், கிரேனை நிறுத்திட்டு எல்லாரும் ஷெல்டருக்குள்ள போயிடணும். நான் இப்ப கிரேனுக்குக் கீழ ரிக்கர் வேலை, சாமானைக் கட்டி ஏத்திவிடுற வேலை, அதனால கேட் ஒன் வந்துச்சுன்னா எங்களுக்குச் சும்மா ஒக்காந்திருக்கறதுதான். ஓடி, அதான் ஓவர்டைம் காசு, கொஞ்சம் போகும். பரவால்ல, ரெஸ்ட்டு கெடைக்குதுல்ல.

அங்க ஒரு ஆளைப் பத்திச் சொல்லணும். சுரங்கம் தோண்டுற மிஷினு ரிப்பேரு பாக்க நார்வேலேர்ந்து ஒரு வெள்ளைக்காரரு வந்திருக்காரு. அறுபது வயசு இருக்கும். நாங்க அவருக்கு வச்ச பேரு சூரியகாந்தி. ஏன்னா மத்தியானம் பன்னெண்டரைக்கு நாங்கெல்லாம் நிழலு எங்கன்னு கண்டெய்னருக்கு அடியில பூந்து பொட்டலத்தைப் பிரிப்போம், இவரு நாற்காலிய இழுத்து நடு வெயில்ல போட்டு, ஹெல்மெட்டைக் கழட்டி, கண்ணை மூடிக்கிட்டு மூஞ்சிய வானத்துக்குக் காட்டிக்கிட்டு ஒக்காந்திருப்பாரு. நிழலு நகந்து வந்தா நாற்காலியும் நகரும். முதல்ல எதோ வேண்டுதல்னுதான் நெனச்சோம். அந்த வெயில்ல அப்பளத்தை வச்சா பொரிஞ்சுடும்மா.

ஒரு நாளு கேட் ஒன் வந்து எல்லாரும் ஷெல்டர்ல மாட்டிக்கிட்டோம், அன்னைக்குத்தான் பேச்சு குடுத்தேன், பாண்டி கூட இருந்து இங்கிலீஷ எடுத்துக் குடுத்தான். அவரு நாட்டுக்கு வடக்க ட்ரோம்சோன்னு ஒரு ஊரு, கார்த்திகையில மறையுற சூரியன் பொங்கல் வாக்குலதான் திரும்பத் தலைய காட்டுமாம். இது வேற, ரியூகன்னு ஒரு ஊரு ரெண்டு மலைக்கு நடுவுல பள்ளத்துல இருக்கு, வருஷத்துல ஆறு மாசம் வெயிலே ஊருக்குள்ள எறங்காது. அந்த ஊரு ஃபேக்டரிக்காரங்க 1928ல ஜனங்க மேல போயி வெயிலு காஞ்சுட்டு வரட்டும்னே மலை உச்சிக்குக் கம்பி வண்டி கட்டிக் குடுத்தாங்களாம். அப்புறம் 2013ல மலை மேல மூணு பெரிய கண்ணாடிய நட்டு, அது சூரியன் போற பக்கமெல்லாம் திரும்பி ஊரு நடுவுல இருக்கிற சதுக்கத்துல வெயிலைக் கொட்டுதாம். போன்ல வீடியோ காமிச்சாரு. பொம்பளைங்க, புள்ளைங்க, கைத்தடி வச்ச கெழவிங்க எல்லாரும் ஒரு துண்டு வெயில்ல நெருக்கியடிச்சு நிக்கிறாங்க. நம்ம கோயில்ல தீபாராதனை காட்டும்போது நிப்போமே, அது மாதிரி. எங்க ரூம்ல ஒரு ஃபேன் ஓடாம ரெண்டு மாசமா சொல்லிக்கிட்டு இருக்கோம், அங்க ஜனங்களுக்கு வெயிலு காய வண்டி விட்டிருக்காங்க பாரு.

வெயிலு இல்லேன்னா அவங்களுக்கு மனசு படுத்துக்குமாம். தூக்கம் தூக்கமா வரும், யாரோடயும் பேசப் பிடிக்காது, இனிப்பா எதையாச்சும் தின்னுக்கிட்டே இருக்கத் தோணுமாம். அதுக்கு 1984லதான் டாக்டருங்க பேரு வச்சு வியாதின்னு எழுதினாங்களாம். மருந்தே வெளிச்சம்தான், காலைல அரை மணி நேரம் பெரிய லைட்டுப் பொட்டி முன்னாடி ஒக்காரணுமாம். சொல்லிட்டுக் கேட்டாரு, "உங்க ஊர்ல வருஷம் பூரா வெயிலாச்சே, எல்லாரும் சந்தோஷமா இருப்பாங்களே?" பாண்டி சிரிச்சு சிரிச்சு பொரை ஏறிடுச்சு. "கத்திரி வெயில்ல அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டுல ஒரு மணி நேரம் நின்னு பாரு, எங்க சந்தோஷம் தெரியும்"னான்.

நான் அவருக்குச் சொன்னேன், எங்க ஊர்ல வெயிலு அடிச்சா யாரும் சந்தோஷப்பட மாட்டாங்க, கெழக்க கறுக்கல் கட்டினாத்தான் மனசு நெறையும், எங்கப்பா தெருவுல வந்து இடுப்புல கைய வச்சு வானத்தைப் பாத்து "ஒரு உழவு மழைக்குத் தேறும்"னு சொல்லுவாக, அன்னைக்கு யாரையும் திட்ட மாட்டாக, அம்மா கடலை வறுக்கும்னு. அவருக்குப் புரியவே இல்ல. மேகத்தைப் பாத்து சந்தோஷப்படுற ஆளுங்களான்னு திரும்பத் திரும்பக் கேட்டாரு. இதுல இன்னொண்ணு, அவரு பக்கத்து நாடு பின்லாந்து, அதுவும் அதே இருட்டுதான், 2018லேர்ந்து 2025 வரைக்கும் எட்டு வருஷம் தொடர்ந்து உலகத்துலயே சந்தோஷமான நாடுன்னு முதல்ல வந்திருக்கு. அதைக் கேட்டா மட்டும் அவருக்குக் கொஞ்சம் கடுப்பாயிடுது.

இதையெல்லாம் வெண்ணிலாவுக்கு மெசேஜ்ல சொன்னேன், அவதான் திருச்சியில சைக்காலஜி படிக்கிறாளே, உடனே ஒரு பாடம் நடத்திட்டா. 1983ல அமெரிக்காவுல ரெண்டு பேரு ஒரு ஆராய்ச்சி எழுதினாங்களாம், ஆளுங்களுக்குப் போன் போட்டு உங்க வாழ்க்கை எப்படி இருக்குன்னு கேட்டிருக்காங்க. வெயிலடிக்கிற நாள்ல கேட்டா நல்லாருக்குங்கிறாங்க, மழை நாள்ல கேட்டா சுமார்ங்கிறாங்க. ஆனா முதல்லயே "அங்க வானம் எப்படி இருக்கு"ன்னு கேட்டுட்டு அப்புறம் வாழ்க்கையப் பத்திக் கேட்டா அந்த வித்தியாசம் காணாம போயிடுச்சாம். அப்புறமா 2013ல வேற ஆளுங்க பத்து லட்சம் பேருக்கு மேல கணக்குப் பாத்தப்ப மழையாவது வெயிலாவது, பெருசா ஒண்ணும் இல்லைன்னு வந்துச்சாம். ஆராய்ச்சிக்காரங்க சண்டை நமக்கெதுக்கு, எனக்கு முதல் ஆளுங்க சொன்னதுதான் பிடிச்சிருக்கு. இனிமே நீ போன் எடுத்தவுடனே "எப்படிடா இருக்க"ன்னு கேக்காத. "அங்க மப்பு போட்டிருக்கா"ன்னு முதல்ல கேளு. கேட்டுட்டு அப்புறம் என்னைக் கேளு, நான் சரியா சொல்லிடுறேன்.

ஒண்ணு மறைச்சுட்டேன், இப்ப சொல்றேன், முடிஞ்சுபோன விஷயம், பயப்படாத. ஆனி மாசத்துலேர்ந்து நாலு மாசம் நான் சுரங்கத்துக்குள்ள நைட் ஷிஃப்ட்ல இருந்தேன். நான் பேசாம இருந்தது அப்பதான். சூரியன் எறங்கும்போது நான் கீழ எறங்குவேன், சூரியன் ஏறும்போது மேல வந்து லாரியிலயே தூங்கி ரூமுக்கு வந்து துண்டைக் கட்டிலைச் சுத்தித் தொங்கவிட்டுப் படுத்துடுவேன். எங்க ரூமு வேற கடைசி மூலையில, ஜன்னலைத் திறந்தா அடுத்த பிளாக்கு சுவருதான். என்னா கெழமைன்னே தெரியாது. ஒடம்பெல்லாம் ஒரே வலியா இருந்துச்சு, டாக்டர்கிட்ட போனா ரத்தம் எடுத்துப் பாத்து வைட்டமின் டி கம்மிங்கிறாரு, அது வெயிலு பட்டா தோலு தானா செஞ்சுக்கிற சத்தாம். வெயிலு நாட்டுல ஒக்காந்துக்கிட்டு வெயிலுச் சத்துக்கு மாத்திரை வாங்கின மொத ஆளு நானாத்தான் இருப்பேன்னு நெனச்சேன், டாக்டரு "ஆபீஸ்ல ஏசியில இருக்கிறவங்களும் நிறைய பேரு இதுக்குத்தான் வர்றாங்க"ன்னாரு. மாத்திரை முடிஞ்சாச்சு. இப்ப பகல் ஷிஃப்ட்டு, கறுத்துப்போயி ஆளு நல்லாருக்கேன். முருகேசண்ணே வேற மாதிரி சொல்லியிருந்தா நம்பாத, அவுக எதையும் பெருசாக்கித்தான் சொல்லுவாக.

இன்னைக்கும் மழை. விடியலேர்ந்து விடல. என் கீழ்க்கட்டில்ல ஒரு பங்களாதேஷ் தம்பி இருக்கான்னு சொன்னேன்ல, அவங்க ஊர்ல மழைன்னா கிச்சடிதானாம், அரிசியும் பருப்பும் மஞ்சளும் போட்டுக் கொழைய வச்சு. நம்ம பொங்கலுக்கு ஒண்ணுவிட்ட தம்பின்னு வச்சுக்க. கீழ பொது அடுப்புல வரிசையில நின்னு வச்சுட்டு எனக்கும் ஒரு தட்டு கொண்டாந்தான். நான் உன் நாரத்தங்காயைப் பிரிச்சேன். அவன் ஒரு துண்டு கடிச்சுட்டு மூஞ்சியச் சுளிச்சு அப்புறம் மூணு துண்டு தின்னுட்டான். ரெண்டு பேரும் ஜன்னலைப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருந்தோம். கண்ணாடி பூரா தண்ணி வழியுது, ஆனா சத்தம் இல்லம்மா. மேல ஏழு மாடி காங்கிரீட்டு. பெய்யுது, கண்ணுக்குத் தெரியுது, காதுல விழல. நம்ம வீட்டுல மழை வந்தா ஓட்டு மேல மொத சொட்டு விழும்போதே நீ "எலே, கொடியில துணி"ன்னு கத்துவியே. அவன் "ஏன், நாரத்தங்கா உப்பு கண்ணுல பட்டுடுச்சா"ன்னு கேட்டான். ஆமான்னுட்டேன்.

சரி, வீட்டு விஷயத்துக்கு வர்றேன். ஓட்டைப் பிரிச்சுட்டு இந்த மழைக்குள்ள காங்கிரீட்டு போட்டுடலாம்னு சின்ன மச்சான் சொல்றதா எழுதியிருந்த. வேணாம்மா. மழை நேரத்துல எவனும் வீட்டைப் பிரிப்பானா? அதுவும் காங்கிரீட்டு வீடு சித்திரையில கொதிக்கும், அப்பாவால படுக்க முடியாது. ஓடே இருக்கட்டும், தை பொறக்கட்டும், நான் வந்து பாத்துச் செய்வோம். பணத்துக்காகச் சொல்லல. பணம் இருக்கு. ஆனா இந்த மாசமும் அடுத்த மாசமும் வழக்கத்தை விடக் கொஞ்சம் கொறைச்சுத்தான் அனுப்புவேன், இங்க ஒரு சீட்டுல சேந்திருக்கேன் அதான். சங்கத்துல வச்ச சங்கிலிக்கு வட்டி மட்டும் கட்டிடு, முதலுக்கு நான் சொல்றப்ப கட்டலாம். செவலைக் கன்னை வித்துடாதீங்க, வித்துட்டுத்தான் ஆகணும்னா எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க. அப்பா கண்ணு ஆபரேஷனுக்கு இலவச முகாம் எப்பன்னு விசாரிச்சியா? பெரியப்பா வரப்பை வெட்டினதுக்கு அப்பா போயி சண்டை போட வேண்டாம்னு சொல்லு, தலையாரிய வச்சு அளந்துக்கலாம்.

ஒழுகுறதுக்கு, மேக்கால மூணாவது வரிசையில நாலு ஓடு மாத்தினாப் போதும், மாட்டுக்கொட்டாய்க்குப் பின்னாடி பழைய ஓடு அடுக்கி வச்சிருக்கேன், ரெங்கனை ஏறச் சொல்லு, அப்பா ஏறக்கூடாது. அதுவரைக்கும் வைக்கப்போருக்கு மேல கெடக்கிற தார்ப்பாயை எடுத்துப் போடுங்க. அதுல ஒரு ஓரத்துல எலி கடிச்ச ஓட்டை ரெண்டு இருக்கும், அந்தப் பக்கம் வெளியில தொங்குற மாதிரி பாத்துப் போடச் சொல்லு.

இப்படிக்கு
உன் மகன்
செல்வம்