பின்பக்கத்தைக் காட்டுங்கள்: ஜெர்மன் பழம்பொருள் ஏல நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஏல நிறுவனத்தாருக்கும் பட்டியல் எழுதும் மதிப்பீட்டாளர்களுக்கும்,

வணக்கம். அண்மையில் உங்கள் துறையைச் சேர்ந்த ஒரு நிறுவனத்தின் பட்டியலில், நாஜிக் கட்சியின் அடியாள் படையான எஸ்.ஏ.வின் விளையாட்டு பேட்ஜ் ஒன்று வந்தது. வெண்கலத் தரம். "1933, முதல் வெளியீடு, அசல், நல்ல நிலை" என்று ஒரே வரி. படமும் ஒன்றே, முன்பக்கம் மட்டும். அதிலும் நடுப்பகுதியில் வெள்ளை ஒட்டுத்தாள். வாங்கியவர் கைக்குப் பெட்டி போய்ச் சேர்ந்து, பேட்ஜைத் திருப்பிப் பார்த்தபோதுதான் பின்பக்கத்தில் இருந்த எழுத்துகள் தெரிந்தன: "டபிள்யூ. ரேடோ, சார்லவுட்டர்ன்." தயாரிப்பாளர் பெயரும் ஊரும்.

இது உங்களுக்கு விளக்க வேண்டிய செய்தியே அல்ல. ஜெர்மனியின் சார்லூயி நகரத்துக்கு சார்லவுட்டர்ன் என்று பெயர் மாற்றியது 1936இல். 1945இல் பழைய பெயரே திரும்பிவிட்டது. இடைப்பட்ட ஒன்பது ஆண்டுகளில் மட்டும் வழங்கிய ஊர்ப்பெயர் அது. அந்தப் பெயர் பொறித்த பேட்ஜ் 1933ஆம் ஆண்டுப் பொருளாக இருக்க முடியாது. போலியா அசலா என்ற கேள்விக்குப் போவதற்கு முன்பே பட்டியலின் முதல் சொல் தவறிவிட்டது. பின்பக்கத்தை ஒருமுறை புரட்டிப் பார்த்திருந்தால் அந்த வரியை எழுதியிருக்க முடியாது. பார்த்தும் எழுதியிருந்தால் அது இன்னும் மோசம்.

திருப்பித் தருகிறேன் என்று வாங்கியவர் கேட்டபோது கிடைத்த பதில்: "பட்டியல் விவரம் எங்கள் கருத்து மட்டுமே. ஏலத்துக்கு முன் பொருளை நேரில் பார்க்க நாள் ஒதுக்கியிருந்தோம்." அறுநூறு கிலோமீட்டர் தொலைவிலிருந்து ஒரு வெண்கல பேட்ஜைப் பார்க்க யார் ரயிலேறி வருவார்கள்? வரமாட்டார்கள் என்று உங்களுக்கும் தெரியும். அவர்களுக்கு இருக்கும் ஒரே கண் உங்கள் கேமராதான். அந்தக் கண்ணை முன்பக்கத்தோடு மூடிவிடுகிறீர்கள்.

எனவே எங்கள் கோரிக்கையைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறோம். ஒவ்வொரு பதக்கத்துக்கும் ஒவ்வொரு பேட்ஜுக்கும் பின்பக்கப் படத்தை வெளியிடுங்கள்.

ஒட்டுத்தாள் விஷயத்தில் உங்களைக் குறை சொல்லவில்லை. ஜெர்மன் குற்றவியல் சட்டத்தின் 86அ பிரிவு நாஜி அமைப்புகளின் சின்னங்களைப் பொதுவில் காட்டுவதைத் தடுக்கிறது. ஆய்வு, கல்வி, வரலாற்று விளக்கம் போன்ற நோக்கங்களுக்கு விலக்கு உண்டு. அதனால்தான் படத்தில் சுவஸ்திகாவை மறைக்கிறீர்கள், வாங்குபவரிடம் உறுதிமொழிக் கையெழுத்து கேட்கிறீர்கள். அந்தச் சட்டம் வந்ததற்கான காரணத்தை நாங்கள் முழு மனத்தோடு ஏற்கிறோம். ஆனால் எஸ்.ஏ. விளையாட்டு பேட்ஜின் பின்பக்கத்தில் வெட்டின் வழியே சுவஸ்திகாவின் வடிவம் தெரிந்தால், அதை மட்டும் மறைத்தால் போதும். அங்கே இருக்கும் மற்றவை ஊசி, கீல், கொக்கி, தயாரிப்பாளர் பெயர், வரிசை எண். இவற்றை மறைக்கும்படி எந்தச் சட்டமும் கேட்கவில்லை. சட்டம் மறைக்கச் சொன்னதை மறைத்துவிட்டு, சட்டம் தடுக்காததையும் காட்டாமல் விட்டால் வாங்குபவருக்கு மிஞ்சுவது பேட்ஜைச் சுற்றியுள்ள இலைமாலை வளையத்தின் ஓரம் மட்டுமே.

பின்பக்கத்துக்காக இவ்வளவு மன்றாடுவது ஏன் என்று உங்கள் புதிய ஊழியர்கள் கேட்கக்கூடும். அவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறோம்.

போலி செய்பவர் முதலில் கவனம் செலுத்துவது முன்பக்கத்தில். வாங்குபவரின் கண் முதலில் போவது அங்கேதான் என்று அவருக்குத் தெரியும். அசல் ஒன்றிலிருந்து அச்சு எடுத்து வார்த்தால் வடிவம் ஏறக்குறைய அப்படியே வந்துவிடும். ஆனால் உலோகம் ஆறும்போது சுருங்கும். அரை சதவீதம் முதல் ஒரு சதவீதம் வரை சுருங்கினால், 50 மில்லிமீட்டர் உயரமுள்ள பேட்ஜில் கால் மில்லிமீட்டர் முதல் அரை மில்லிமீட்டர் வரை குறையும். கண்ணுக்குத் தெரியாது, டிஜிட்டல் காலிப்பருக்குத் தெரியும். விளிம்புகளில் கூர்மை மழுங்கியிருக்கும். பத்து மடங்கு பெரிதாக்கும் லூப்பில் (கை உருப்பெருக்கியில்) பார்த்தால் தாழ்வான பகுதிகளில் குண்டூசி முனை போன்ற குழிகள் இருக்கும். இது வார்ப்பில் சிக்கிய காற்று. அசலைப் போல, வார்க்காமல் அச்சில் வைத்து அடித்த உலோகத்தில் அந்தக் குழிகள் வராது.

எஸ்.ஏ. பேட்ஜில் வாளுக்கும் மாலைக்கும் இடையே உலோகம் வெட்டியெடுக்கப்பட்டிருக்கும். அந்த வெட்டின் உள்சுவரைப் பாருங்கள். அசலில் வெட்டுக்கருவி இறங்கிய நேர்க்கோடுகள் தெரியும், சில இடங்களில் அரம் போட்ட தடமும் இருக்கும். வார்ப்பில் அந்தச் சுவர் வழுவழுப்பாக, நடுவில் ஒரு மெல்லிய தையல் கோட்டோடு இருக்கும். உங்கள் வெள்ளை ஒட்டுத்தாள் மறைப்பது சரியாக இந்த இடத்தைத்தான். வெட்டின் ஓரத்தை மட்டும் பின்பக்கத்திலிருந்து அண்மையில் படம் எடுத்தால் அதே வெட்டுச் சுவர்கள் தெரிந்துவிடும். சின்னத்தைக் காட்டாமலே சான்றைக் காட்ட வழி இருக்கிறது.

அடுத்தது ஊசியும் கீலும். தயாரிப்பாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு கைப்பழக்கம் இருந்தது. கீலின் வடிவம், ஊசி கூம்பா தட்டையா, கொக்கியின் வளைவு, பற்றவைப்பு ஈயம் எவ்வளவு பரவியிருக்கிறது என்பதெல்லாம் அதே தயாரிப்பாளரின் மற்ற பேட்ஜுகளோடு ஒத்துப்போக வேண்டும். லுடென்ஷைட் நகரத்துத் தயாரிப்பாளரின் முத்திரையும் வேறொருவர் பாணிக் கீலும் ஒரே பேட்ஜில் இருந்தால் அங்கேயே நிறுத்திக் கேள்வி கேட்க வேண்டும். பழுது பார்த்ததாகவும் இருக்கலாம். அப்படியென்றால் பழுது என்று எழுத வேண்டும்.

எடைக்கு வருவோம். உங்கள் பட்டியல்களில் எடை கிடைப்பதே அரிது. தராசில் வைக்க அரை நிமிடம் போதும். 0.01 கிராம் துல்லியமுள்ள தராசு ஒன்று, ஒரு குவளை வடிநீர், மெல்லிய நூல். முதலில் காற்றில் எடை போடுங்கள். பிறகு நூலில் கட்டி, நீரில் முழுக்க அமிழ்த்தி, குவளையின் அடியைத் தொடாமல் தொங்கவிட்டு எடை போடுங்கள். காற்றில் 20 கிராம் இருந்தது நீரில் 2.3 கிராம் குறைந்தால், 20ஐ 2.3ஆல் வகுக்க அடர்த்தி 8.7 வரும். அது செம்பு மிகுந்த டோம்பாக் கலவைக்குப் பொருந்தும். 3 கிராம் குறைந்தால் 6.7 வரும். அது இன்றைய துத்தநாக வார்ப்புக் கலவை. மேலே சொன்ன பேட்ஜ் காட்டியது இந்த இரண்டாவது கணக்கைத்தான். அலுமினியம் என்றால் 2.7இல் நிற்கும். நீரில் இறக்கும்போது ஒட்டியிருக்கும் காற்றுக் குமிழிகளைத் தூரிகையால் தட்டிவிட வேண்டும், இல்லையென்றால் அடர்த்தி குறைவாகக் காட்டும். குழிவாக அடித்து, பின்னால் தகடு மூடிய பேட்ஜுகளுக்கு இந்தச் சோதனை உதவாது. உள்ளே காற்று இருக்கும், நீர் புகுந்தால் பொருளும் கெடும். போரின் பிற்பகுதியில் அசல் பொருள்களே துத்தநாகத்தில் வந்தன என்பதையும் மறக்கக் கூடாது. துத்தநாகம் என்பதாலேயே போலி ஆகிவிடாது. ஆனால் 1930களின் தொடக்கம் என்று நீங்கள் எழுதும் பொருள் 6.7 காட்டினால் பட்டியல் எழுதியவர் பதில் சொல்லியாக வேண்டும்.

எனாமல் பூசிய பேட்ஜுகளிலும் இதே நிலைதான். உலையில் சுட்ட கண்ணாடி எனாமல் உலோகக் கரைகளோடு சமமாக இருக்கும், லூப்பில் நுண்குமிழிகள் தெரியும், உடைந்தால் சில்லுச் சில்லாக உடையும். போலிகளில் அதற்குப் பதிலாக வரும் பிசின் பூச்சு கரையில் சற்றே ஏறியோ நடுவில் குழிந்தோ நிற்கும், ஊசி முனைக்கு நெகிழும். (பிறர் பொருளில் ஊசிச் சோதனை செய்யாதீர்கள்.) சாய்ந்த ஒளியில் எடுத்த ஒரு படம் இந்த வேறுபாட்டைக் காட்டிவிடும்.

நாஜிக் கட்சிச் சின்னங்களில் பின்பக்கம் இன்னொரு வகையிலும் பேசும். ஆர்.இசட்.எம். எனப்படும் மியூனிக்கின் கட்சிக் கொள்முதல் அலுவலகம் தயாரிப்பாளர்களுக்கு உரிமம் தந்து குறியீட்டெண் வழங்கியது. பேட்ஜுகளுக்கு எம்1 என்று தொடங்கும் எண். இந்த முறை 1930களின் நடுவில்தான் நடைமுறைக்கு வந்தது. 1931 அக்டோபரில் பிரவுன்ஷ்வைக்கில் நடந்த எஸ்.ஏ. பேரணியின் பேட்ஜில் எம்1 எண் இருந்தால் அது பின்னாளில் மறுபடி செய்ததாக இருக்கலாம், போலியாகவும் இருக்கலாம். 1931இல் ஊர்வலத்தில் குத்திக்கொண்டதாக மட்டும் இருக்க முடியாது. இந்த பேட்ஜ் அதிகம் போலி செய்யப்படுபவற்றில் ஒன்று என்பதை அறியாத மதிப்பீட்டாளர் உங்களிடையே இருக்க மாட்டார். அப்படியிருந்தும் "1931, அசல்" என்ற வரி திரும்பத் திரும்ப வருகிறது.

முதல் உலகப் போருக்குப் பின் உருவான ஃப்ரைகோர் எனும் தன்னார்வப் படைகளின் பதக்கங்களில் சிக்கல் இன்னும் ஆழம். 1919இல் ஏற்படுத்திய பால்டிக் சிலுவையும் சிலேசியக் கழுகும் பல தயாரிப்பாளர்கள் செய்து விற்றவை. பெற்றவரே கடையில் காசு கொடுத்து வாங்கிக்கொள்வது வழக்கம். பல பதக்கங்களில் முத்திரையே கிடையாது. பெரும்பாலான ஃப்ரைகோர் பதக்கங்களை அணிவதை நாஜி அரசு நிறுத்தியபோதும் இந்த இரண்டையும் அனுமதித்தது. அதனால் 1930களிலும் அவை செய்யப்பட்டன. முத்திரையற்ற ஒரு சிலேசியக் கழுகைக் கையில் வைத்துக்கொண்டு "1919இல் வழங்கப்பட்டது" என்று எழுத எவருக்கும் ஆதாரம் இருக்காது. "1919 முதல் 1930கள் வரை" என்று எழுதினால் நேர்மை. கீலும் ஊசியும் அதைக் கொஞ்சம் குறுக்கித் தரும். அதற்கும் பின்பக்கம்தான் தேவை.

மங்கல் நிறம் பற்றியும் ஒரு சொல். அமோனியா ஆவியில் வைத்தும் கந்தகக் கரைசலில் முக்கியும் புதிய உலோகத்துக்கு ஒரே இரவில் எண்பது வயது ஏற்றிவிடுகிறார்கள். உண்மையான தேய்மானம் உயர்ந்த இடங்களில் இருக்கும், அழுக்கு தாழ்ந்த இடங்களில் தங்கும். மேடும் பள்ளமும் ஒரே கருமையாக இருந்தால் சந்தேகப்பட வேண்டும். வெண்கலத் தரத்துக்குப் பொன்முலாம் பூசித் தங்கத் தரமாக விற்கும் வேலையும் நடக்கிறது. முலாம் பழைய கீறல்களுக்குள்ளும் இறங்கியிருந்தால் பூச்சு பிந்தையது. கீறல் விழுந்த பிறகு பூசினால்தான் அப்படி வரும். பட்டியலில் "அழகிய பழமை மெருகு" என்று எழுதுகிறீர்கள். விலையை ஏற்றும் அந்தச் சொல்லுக்கு ஒரு படமாவது துணை வேண்டாமா?

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. "வீரச் சின்னம்", "மேன்மைப் படை" போன்ற அடைமொழிகளை நிறுத்துங்கள். 1933 ஏப்ரல் 1 அன்று யூதர்களின் கடை வாசலில் நின்று மக்களை உள்ளே போகவிடாமல் தடுத்தவர்கள் எஸ்.ஏ.வினர். 1938 நவம்பர் 9 இரவில் யூத ஆலயங்களுக்குத் தீவைத்தவர்களிலும் அவர்கள் இருந்தார்கள். அந்தக் கூட்டத்தின் பேட்ஜை வரலாற்றுச் சான்றாகப் பாதுகாக்க வேண்டும் என்று கருதுவதால்தான் அதன் உண்மையில் இவ்வளவு அக்கறை கொள்கிறோம். போலி ஒன்று அருங்காட்சியகப் பெட்டிக்குள் போனால் அங்கே கிடக்கும் உண்மையான சான்றுகளையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கும். "போலிகள் மலிந்த துறை" என்று சொல்லி உண்மையையே மறுக்க விரும்புகிறவர்களுக்கு நாமே வாய்ப்பைக் கொடுத்தவர்கள் ஆவோம். பொருளின் புகழ்ச்சிக்குச் செலவிடும் இரண்டு வரிகளில் எடையையும் அளவையும் எழுதலாம்.

உங்கள் வேலைச்சுமை எங்களுக்குத் தெரியும். ஒரு ஏலத்துக்கு ஆயிரக்கணக்கான லாட்டுகள் (ஏலப் பொருள்கள்) வருகின்றன. குறுகிய நாட்களில் எல்லாவற்றையும் படமெடுத்து, எழுதி, அச்சுக்குக் கொடுக்க வேண்டும். எனவே முடியாததைக் கேட்கவில்லை. பேட்ஜ் ஒவ்வொன்றுக்கும் பின்பக்கத்தின் நேர்ப்படம் ஒன்று, சாய்ந்த ஒளியில் எடுத்த படம் ஒன்று. முத்திரை இருந்தால் அதன் அண்மைப் படம், இல்லையென்றால் "முத்திரை இல்லை" என்ற இரண்டு சொற்கள். உயரமும் அகலமும் மில்லிமீட்டரில், எடை கிராமில் இரண்டு தசம இடங்களுக்கு. ஊசியோ கீலோ மாற்றியதாக இருந்தால் அந்தக் குறிப்பு. எண்ணிட்ட பேட்ஜோடு சான்றிதழும் வந்தால், இரண்டின் எண்ணும் ஒன்றா என்ற குறிப்பு. அந்தச் சான்றிதழைப் புற ஊதா விளக்கின் கீழ் ஒருமுறை பாருங்கள். நீலமாக ஒளிர்ந்தால் தாளில் வெளுப்பேற்றிச் சாயம் இருக்கிறது. அந்தச் சாயம் தாள் ஆலைகளில் பரவலானது போருக்குப் பிறகே.

பின்பக்கம் பட்டியலைப் பொய்யாக்கினால் பொருளைத் திருப்பி வாங்கிக்கொள்ளும் உறுதியும் வேண்டும். "கருத்து மட்டுமே" என்ற வரியின் பின்னால் ஒளிய வேண்டாம். உங்கள் கருத்துக்குத்தான் வாங்குபவர் ஏலத்தொகைக்கு மேல் கட்டணமும் சேர்த்துக் கொடுக்கிறார்.

அடுத்த பட்டியலுக்கான பொருள்கள் இப்போது உங்கள் மேசையில் இருக்கும். அவற்றைப் படமெடுக்கும்போது ஒவ்வொன்றையும் ஒருமுறை திருப்பி வைத்தும் எடுக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். மேலே சொன்ன பேட்ஜை வாங்கியவர் இன்னும் பதிலுக்குக் காத்திருக்கிறார். அவருடைய பணத்தைத் திருப்பித் தருமாறும் அந்த நிறுவனத்தை வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
சேகரிப்பாளர்கள் சிலர்