ஒரு சைட்டை ரீஸ்டோர் பண்ண சொன்னா மூணு கடையோட ஆர்டரையும் அழிச்சிட்டீங்க

வணக்கம் சார்,

உங்ககிட்ட ஹோஸ்டிங் பிளான் எடுத்து நாலு டொமைன் ஓடுது, எல்லாமே ஒரே சர்வர் ஒரே டேட்டாபேஸ், ஒரே வேர்ட்பிரஸ்ல பல சைட் ஓட்டுற மல்டிசைட் முறை. பொடி கடை, சேலை கடை, நாட்டு மருந்து கடை, அப்புறம் ஒரு டியூஷன் சென்டர். இந்த செட்டப்பை போட்டு கொடுத்ததே உங்க டீம்தான், அதனால உள்ள என்ன இருக்குன்னு தெரியாதுன்னு நீங்க சொல்ல முடியாது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் டியூஷன் சைட்ல ஒரு பிளகின் அப்டேட் ஆகி பேஜெல்லாம் குலைஞ்சு போச்சு. அந்த டொமைன் பேரை போட்டு, இதை மட்டும் நேத்து ராத்திரி பேக்கப்புக்கு மாத்துங்கன்னு டிக்கெட்ல தெளிவா எழுதினேன். உங்க சப்போர்ட்ல ஒரு வார்த்தை கேக்காம மொத்த டேட்டாபேஸ் மேலயும் பழைய டம்ப்பை, அதாவது டேட்டாபேஸோட பேக்கப் ஃபைலை, ஏத்திட்டாங்க. டியூஷன் சைட் சரியாச்சு, ஆனா மத்த மூணு கடைலயும் அன்னைக்கு காலைலேர்ந்து வந்த ஆர்டர் அத்தனையும் போச்சு, பேமென்ட் கேட்வேல காசு மட்டும் நிக்குது. மெயில்ல வந்த ஆர்டர் காப்பியை வச்சு ஒவ்வொண்ணா தேடி எடுத்துட்டு இருக்கோம், ஆனா ஸ்டாக் கணக்கும் புதுசா ரெஜிஸ்டர் பண்ணவங்க அக்கவுன்ட்டும் எந்த மெயில்லயும் வராது.

இதைவிட கொடுமை ஆர்டர் நம்பர். டேபிள் பழைய நிலைக்கு போனதும் அடுத்த நம்பரை தானா போடுற ஆட்டோ இன்க்ரிமென்ட்டும் பின்னாடி போயிடுச்சு, அதனால காலைல ஒரு அம்மாவுக்கு போன அதே நம்பர் சாயங்காலம் வேற ஒருத்தருக்கும் போயிருக்கு. அவங்க போன் பண்ணி நம்பரை சொன்னா ஸ்க்ரீன்ல வேற யாரோ பேரு, வேற சேலை. காசை வாங்கிட்டு ஏமாத்துறீங்களான்னு கேக்குறாங்க, கடைக்காரர் என்ன பதில் சொல்லுவார்?

மல்டிசைட்ல யூசர் டேபிள் மாதிரி சிலதுதான் எல்லாருக்கும் பொது. டியூஷன் சைட்டோட போஸ்ட், ஆப்ஷன் எல்லாமே டபிள்யூபி_4_ன்னு தனி டேபிள்ல இருக்கு. டம்ப்பை ஒரு காலி டேட்டாபேஸ்ல ஏத்தி அந்த டேபிளை மட்டும் எடுத்து போட்டிருந்தா முடிஞ்சிருக்கும். இதை போன்ல சொன்னா, ஒரே டேட்டாபேஸ்ல வச்சா இப்படித்தான் சார் ஆகும், நாலு பிளானா வாங்கிக்கோங்கன்னு சொல்றார் உங்க ஆளு. 2010ல 3.0 வெர்ஷன் வந்ததுலேர்ந்து வேர்ட்பிரஸ்குள்ளயே இருக்குற வசதி சார் இந்த மல்டிசைட், அதுல குறை இல்ல, ரீஸ்டோர் பண்ண விதத்துலதான் குறை.

எனக்கு இப்ப வேண்டியது அந்த டேட்டா. உங்க சர்வர்ல ஓடுறது மைஎஸ்க்யூஎல் 8 டேட்டாபேஸ், அதுல ஒவ்வொரு மாற்றத்தையும் பதிஞ்சு வைக்கிற பைனரி லாக் டீஃபால்ட்டாவே ஆன்ல இருக்கும், நீங்க மாத்தலேன்னா 30 நாள் வரைக்கும் அழியாது. அதே ராத்திரி டம்ப்பை தனி டேட்டாபேஸ்ல ஏத்தி, நீங்க ரீஸ்டோர் பண்ணதுக்கு கொஞ்சம் முன்னாடி வரைக்கும் லாக்கை ஓட்டி எங்கிட்ட கொடுங்க. லைவ் சைட்டை தொடாதீங்க, இப்ப புது ஆர்டர் வந்துட்டு இருக்கு. லாக் இல்லேன்னா, பழசை ஏத்துறதுக்கு முன்னாடி ஒரு காப்பி எடுத்தீங்களா இல்லையான்னு எழுத்துல சொல்லுங்க. இந்த மாச கட்டணத்தையும் திருப்பி தரணும், ஆனா அது அப்புறம். லாக் ஃபைலை யாரும் கிளீன் பண்ணாம எடுத்து வச்சாச்சுன்னு இன்னைக்கே ஒரு பதில் போடுங்க.