பங்குனியில் ஒருமுறை வா

அன்புள்ள பாப்பா,

இங்கே நானும் அப்பாவும் நலம். டிசம்பர் டிக்கெட் விலை ஏறிக்கொண்டே போகிறது, இந்த வாரமே போட்டுவிடப் போகிறேன் என்று நேற்று போனில் சொன்னாய். கொஞ்சம் பொறு. போனில் இதைச் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

போன தடவை வந்தபோது பின்கட்டு வாசலில் நின்று, "ஏம்மா, இந்த மொட்டைக் குச்சியை எதுக்கு வெச்சிருக்க? பிடுங்கிட்டு ரெண்டு நாற்காலி போடலாமே" என்று கேட்டாய். அது மல்லிச்செடி கண்ணு. உன்மேல் தப்பில்லை. டொரண்டோவிலிருந்து நீ வந்ததெல்லாம் டிசம்பரில்தான். நவம்பர் கடைசி வாரத்தில் அப்பா மல்லியை முழங்கால் உயரத்துக்குக் கவாத்து பண்ணிவிடுவார். அப்படி வெட்டினால்தான் புதுத் துளிர் விட்டுப் பங்குனியில் மொட்டு வைக்கும். அதனால் நீ பார்த்ததெல்லாம் குச்சியைத்தான். அந்தச் செடி பூத்து நீ ஒருநாளும் பார்த்ததில்லை. அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

நீ இருந்தவரை அங்கே துவைகல்லும் சிமெண்டுத் தரையும்தானே. 2016 ஆவணியில் உன் கல்யாணம். அந்த டிசம்பர் 12ஆம் தேதி வர்தா புயல். கிணற்றடி முருங்கை வேரோடு சாய்ந்ததில் சிமெண்டு பாளம் பாளமாகப் பெயர்ந்துவிட்டது. கொத்தனாரைக் கூப்பிட்டுப் பூசிவிடலாம் என்றார் அப்பா. பெயர்ந்த இடத்தில் குனிந்து பார்த்தேன், ஈர மண்ணில் ஒரு மண்புழு நெளிந்தது. பூச வேண்டாம் என்றேன். விழுந்த முருங்கையிலேயே கையளவு தடிமனில் ஒரு போத்து வெட்டி நட்டோம். இன்று நிற்கும் முருங்கை அதுதான். பத்தடிக்கு இருபதடி இடம், அவ்வளவுதான் நம் தோட்டம். நங்கநல்லூரில் இப்போது இந்த அளவு மண்தரை வைத்திருக்கிற வீடே குறைவு. நம் தெருவில் பாதிக்குமேல் ஃபிளாட் ஆகிவிட்டது.

தெற்குப் பக்கத்து வீடும் நாலு மாடி ஆனது உனக்குத் தெரியும். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்து போகும் இல்லையா, அந்தக் கட்டடத்து நிழல் தோட்டம் முழுக்க விழுந்துவிடும். நீ வரும் சமயத்தில் எல்லாம் ஈரமும் பாசியும் இருட்டுமாகக் கிடப்பது அதனால்தான். தை பிறந்ததும் வெயில் ஒவ்வொரு அடியாக உள்ளே வரும். முதலில் கிணற்று விளிம்பு, பிறகு கறிவேப்பிலை, மாசிக் கடைசியில் மல்லி. சித்திரையில், ஏப்ரல் 24 வாக்கில், உச்சிப்பொழுதுக்குச் சூரியன் நேராகத் தலைக்கு மேல் நிற்கும். கிணற்றடியில் குடத்தை வைத்தால் பக்கத்தில் நிழலே விழாது. போன வருஷம் அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். இரண்டு பேரும் வெயிலில் நின்று அந்தக் குடத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

பங்குனி, சித்திரையில் சாயங்காலம் நாலு மணிக்கு மொட்டு பறிப்பேன். வெள்ளை ஏறி, நுனி பருத்திருக்கும் மொட்டை மட்டும்தான் எடுக்கணும். பச்சை ஓடியதை விட்டுவிட்டால் மறுநாள் தயாராக இருக்கும். நல்ல நாளில் இரண்டு ஆழாக்கு தேறும். வாழைநாரை நனைத்துக் கட்டி முடிக்கும்போது விளக்கேற்றும் நேரம் ஆகிவிடும். ஏழு மணிக்குக் கையில் இருக்கும்போதே ஒவ்வொன்றாக விரியத் தொடங்கும். அந்த மணம் கூடத்தைத் தாண்டி உன் அறை வரைக்கும் போகிறது.

நான் அனுப்பும் வேப்பம்பூ டப்பாவும் இங்கிருந்துதான். பின்தெரு வேம்பின் ஒரு கிளை நம் சுவரைத் தாண்டி வந்திருக்கிறது. அடியில் அப்பாவின் பழைய வேட்டியை விரித்து வைத்தால் காலையில் பூ கொட்டிக் கிடக்கும். வருஷப்பிறப்புப் பச்சடிக்குப் போக மிச்சத்தைக் காயவைத்து உனக்கு எடுத்து வைப்பேன்.

கத்திரி வெயிலை நினைத்துத்தான் நீ பயப்படுகிறாய். கஷ்டம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். 2019இல் ஏரியெல்லாம் வறண்டு, நம் கிணற்றிலும் அடிச்சேறுதான் மிஞ்சியது. அரிசி களைந்த தண்ணீர், காய்கறி கழுவிய தண்ணீர் என்று சொம்பு சொம்பாகச் சேர்த்து ஊற்றித்தான் மல்லியைக் காப்பாற்றினேன்.

இப்போது ஆடி. சாயங்கால மழை இரண்டு பெய்து கறிவேப்பிலை தளிர்விட்டிருக்கிறது. போன வாரம் இலைமேல் காக்காய் எச்சம் என்று தட்டப் போனேன், அது அசைந்தது. எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழு. சின்னதாக இருக்கும்போது குருவி எச்சம் மாதிரியே இருக்கிறது, வளர்ந்ததும் இலைப் பச்சை. ஈர்க்குச்சியால் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவந்த இரட்டைக் கொம்பு ஒன்றை நீட்டிக் காரமான வாடை விடுகிறது. இரண்டு கிளையை மொட்டையடித்துவிட்டது, ஆனால் மருந்தடிக்க மனசு வரவில்லை. இப்போது ஒரு மெல்லிய நூலை இடுப்பில் கட்டிக்கொண்டு கூட்டுப்புழுவாகத் தொங்குகிறது. தினமும் காபியோடு போய்ப் பார்க்கிறேன். சின்னவள் பக்கத்தில் இருந்தால் எத்தனை கேள்வி கேட்பாள்!

நேற்று அவரை ஊன்றினேன். ஆடியில் போட்டாலும் பொழுது குறுகினால்தான் அது பூக்கும். மார்கழியில் பந்தலில் ஊதாப்பூவை நீ பார்த்திருப்பாய். காய் பறிக்கிறபோது பொங்கல் வந்துவிடும், நீ பள்ளிக்கூடம் திறக்கிறது என்று முதல் வாரமே கிளம்பிவிடுவாய். உன் அவரைக்காயை வருஷாவருஷம் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கிறேன்.

மார்ச்சில் சின்னவளுக்கு ஒரு வாரம் லீவு உண்டு என்று சொல்லியிருக்கிறாய். இந்த டிசம்பரை விட்டுவிட்டு அந்த வாரத்துக்கு வாயேன். ஒரு வாரம் பத்தாதுதான், பள்ளியில் பேசி இன்னொரு வாரம் கேட்டுப் பார். டிசம்பரில் உன்னைப் பார்க்காமல் இருப்பது எனக்கும் அப்பாவுக்கும் எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்கிறேன்.

தேதி முடிவானதும் உடனே சொல். அப்பாவிடம் இந்த வருஷம் கவாத்தைப் பத்து நாள் முன்னாலேயே பண்ணச் சொல்லணும். நீ வந்து இறங்கும்போது மொட்டு தயாராக இருக்கணும்.

அன்புடன்,
அம்மா