அண்ணன் கட்டின டெபாசிட் 6,500 ரேண்ட், நீங்க அனுப்பினது 919

மேனேஜர் தம்பிக்கு வணக்கம். போன்ல ஒரு தடவை நீங்க தமிழ்ல பேசினீங்க, சேலம் பக்கம்னு சொன்னீங்க, அதான் இந்த தடவை தமிழ்லயே எழுதுறேன். என் பொண்ணு இங்கிலீஷ்ல போட்ட மூணு மெயிலுக்கும் ஒரே பதிலைத்தான் காப்பி பேஸ்ட் பண்ணி அனுப்பிட்டிருக்காங்க உங்க ஆபீஸ்ல.

விஷயம், உங்க ஆபீஸ் வாடகைக்கு விட்ட சாட்ஸ்வொர்த் ஃப்ளாட். அதுல எங்க அண்ணன் 2019ல இருந்து வாடகைக்கு இருந்தாரு, இங்க தென்னாப்பிரிக்கா டர்பன்ல ஹோட்டல்ல தோசை மாஸ்டர், கல்யாணம் கிடையாது, ஒரு மாசம்கூட வாடகை பாக்கி வச்சது இல்ல. பிப்ரவரி 11ம் தேதி போய்ட்டாரு. கிளேர் எஸ்டேட் சுடுகாட்டுல தகனம் பண்ணி, 16ம் நாள் கருமாதி முடிச்ச மறுநாளே வீட்ட காலி பண்றோம்னு நான் எழுத்துல நோட்டீஸ் குடுத்தேன், மார்ச் வாடகையும் நானே கட்டினேன், யாரும் இல்லாத வீட்டுக்கு. மார்ச் 31 சாவி குடுத்தாச்சு.

டெபாசிட் கேட்டதும் உங்க ஆபீஸ்ல என்ன சொன்னாங்க, லாயர் வச்சு எக்ஸிகியூட்டர் (செத்தவர் சொத்த பாத்து முடிக்கிறவர்) பேப்பர் வாங்கிட்டு வாங்கன்னு, லாயர் நம்பரும் அவங்களே குடுத்தாங்க. அண்ணன் விட்டுட்டுப் போனதெல்லாம் கூட்டிப் பாத்தாலும் 2,50,000 ரேண்ட் பக்கத்துலகூட வராது, அந்த அளவுக்குள்ள இருந்தா ஹைகோர்ட் மாஸ்டர் ஆபீஸ்ல (செத்தவங்க சொத்து விவகாரத்த பாக்குற அரசாங்க ஆபீஸ்) லெட்டர் ஆஃப் அத்தாரிட்டின்னு ஒரு அனுமதிக் கடிதம் வாங்கினா போதும், லாயரே தேவையில்ல. இத நான் சொல்லி உங்க ஆளுங்களுக்கு தெரியவேண்டியதா இருந்துச்சு. அஃபிடவிட்டுக்கு போலீஸ் ஸ்டேஷன்ல ஸ்டாம்ப், அப்புறம் மாஸ்டர் ஆபீஸ் வரிசை, மூணு நாள் வேலைக்கு லீவு போட்டு அலைஞ்சு வாங்கினேன். (தோசை மாஸ்டருக்காக இன்னொரு மாஸ்டர்கிட்ட நின்னேன்னு வீட்ல சிரிச்சாங்க, சிரிக்கிற நேரமா அது.)

அந்த லெட்டர குடுத்தப்புறம் வந்த ஸ்டேட்மென்ட்தான் இந்த கடிதத்துக்கு காரணம். டெபாசிட் திருப்பித் தர அட்மின் ஃபீஸ் 750, இறந்தவர் எஸ்டேட்ட, அதாவது விட்டுட்டுப் போன சொத்த, கையாள ஃபீஸ் 1,500, இன்ஸ்பெக்ஷன் 690, இதுக்கெல்லாம் மேல வாட் டாக்ஸ் 441, ஹால் சுவருக்கு பெயின்ட் 2,200. மிச்சம் 919. வட்டின்னு ஒரு லைனே இல்ல.

முதல்ல அந்த 1,500. என்ன கையாண்டீங்க தம்பி? நான் கொண்டு வந்த ஒரு பக்க லெட்டர ஸ்கேன் பண்ணி ஃபைல்ல வச்சீங்க. ஒரு எக்ஸிகியூட்டர் முழு எஸ்டேட்டையும் பாத்து முடிச்சா அவருக்கு சட்டத்துல இருக்குற ரேட்டே சொத்து மதிப்புல 3.5 சதவீதம்தான், இந்த 6,500க்கு கணக்கு போட்டா 227 ரேண்ட் 50 சென்ட். நீங்க எக்ஸிகியூட்டரும் இல்ல. லீஸ் அக்ரிமென்ட்ட முதல் பக்கத்துல இருந்து கடைசி வரைக்கும் ரெண்டு தடவை படிச்சேன், எஸ்டேட் ஃபீஸ்னும் இல்ல, டெபாசிட் திருப்பித் தர ஃபீஸ்னும் இல்ல. எங்கண்ணன் உயிரோட வீட்ட காலி பண்ணி சாவிய குடுத்திருந்தா இந்த 1,500 எந்த கணக்குல வந்திருக்கும்? செத்ததுக்கு ஃபைன் மாதிரி இருக்கு.

அடுத்து இன்ஸ்பெக்ஷன். சாவி குடுக்குற அன்னைக்கு காலைல ஒம்போது மணில இருந்து காலி வீட்ல, உக்கார ஒரு நாற்காலிகூட இல்லாம, ஜன்னல் கட்டையில உக்காந்திருந்தேன். பதினொன்றரைக்கு உங்க ஆபீஸ் பையன் வந்தாரு, காதுல போன், வாசல் தாண்டி உள்ள கால் வைக்கல, சாவிய எண்ணி வாங்கிட்டு கையெழுத்து போட்டுட்டு போய்ட்டாரு. உள்ள வந்து பாருங்க தம்பின்னு நான் கூப்பிட்டேன், அப்புறம் பாத்துக்கறோம் ஆன்ட்டின்னாரு. அப்புறம் ஏப்ரல் 4ம் தேதி என்னைக் கூப்பிடாம நீங்களாவே போய் பாத்து, 690 என் தலையில. ரெண்டு பேரும் சேர்ந்து பாக்கணும்னுதான் 1999 ரென்டல் ஹவுசிங் சட்டம் 5ம் பிரிவு சொல்லுது, வீட்டுக்காரர் தரப்பு அப்படி பாக்காம விட்டா வீடு நல்லா இருக்குன்னு ஒத்துக்கிட்ட மாதிரி, அப்புறம் டேமேஜ்னு கேக்க முடியாது, ஏழு நாள்ல டெபாசிட்ட வட்டியோட குடுக்கணும்.

சுவர் கதைய சொல்லாம விட முடியாது. விளக்குப் புகை கறைன்னு போட்டிருக்கீங்க. காமாட்சி விளக்கு இருந்தது உண்மைதான், ஆனா அது இருந்தது கிச்சன் அலமாரில, மேல ஒரு கை அகலத்துக்கு கறுப்பா இருந்துச்சு, நானே ஸ்பாஞ்ச் வச்சு தேச்சு எடுத்தேன், போட்டோ இருக்கு. ஹால்ல விளக்கு வச்சதே இல்ல. அண்ணன் எல்லா பேப்பரையும் பேக்கர்ஸ் பிஸ்கட் டின்ல மடிச்சு வச்சிருப்பாரு, அதுல 2019 குடிவந்தப்ப எழுதின இன்ஸ்பெக்ஷன் ஃபார்ம் கிடைச்சுது, உங்க ஆபீஸ் ஆளே நீல பேனால "ஹால் சுவர் பெயின்ட் உரிஞ்சிருக்கு, கறை இருக்கு"ன்னு எழுதி கையெழுத்து போட்டிருக்காரு. அதே சுவர். ஆறு வருஷமா நீங்க அடிக்காத பெயின்ட்ட இப்ப எங்கண்ணன் காசுல அடிக்கிறீங்களா? பெயின்ட் பில் எங்கன்னு கேட்டா அதுக்கும் பதில் இல்ல.

எனக்கு வேண்டியது மிச்சம் 5,581 ரேண்ட், 2019ல இருந்து சேர்ந்த வட்டி, அந்த காசு எந்த சேவிங்ஸ் அக்கவுன்ட்ல இருந்துச்சுன்னு பேங்க் பேப்பர். இந்த மாசம் முடியறதுக்குள்ள வரலைன்னா வாடகைத் தகராறு விசாரிக்கிற ரென்டல் ஹவுசிங் ட்ரிப்யூனல்ல புகார் குடுக்குறேன், அங்க புகாருக்கு ஃபீஸ் எதுவும் கிடையாது, ஃபார்ம் நிரப்பி வச்சாச்சு. உங்க மேல எனக்கு கோபம் இல்ல தம்பி, அந்த ஸ்டேட்மென்ட்ட போட்டவங்க மேலதான், ஆனா கையெழுத்து உங்களோடது.

பேங்க் நம்பர் உங்ககிட்ட இருக்கு. பகல்ல வேலைல இருப்பேன், நாலு மணிக்கு மேல போன் பண்ணுங்க. டெத் சர்டிபிகேட் மட்டும் மறுபடி கேக்காதீங்க, ஏற்கனவே நாலு தடவை அனுப்பியாச்சு.

இப்படிக்கு,
மாஸ்டரோட தங்கச்சி