கட்டையனுக்கு

சூரிச்

அன்புள்ள மச்சான்,

ஏழு மாதமாக எழுதாததற்குத் திட்டவேண்டியதையெல்லாம் திட்டி முடித்துவிட்டு மேலே படி. இங்கே எல்லோரும் நலம். என் முழங்கால் மட்டும் குளிருக்குப் பாட்டுப் பாடுகிறது. மாமியின் அந்தியேட்டிக்கு வராத கதையை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

போன கிழமை மகள் ஒரு பழைய ஜெர்மன் படம் போட்டுக் காட்டினாள். 1933இல் வந்தது. 'ஒரு பாடல் உலகைச் சுற்றுகிறது' என்று தலைப்புக்குப் பொருள் சொன்னாள். வெனிஸ் நகரத்தில் ரிக்கார்டோ என்று ஒருவன். வாயைத் திறந்தால் தேன், எழுந்து நின்றால் ஐந்தடி! எனக்கு யார் ஞாபகம் வந்திருக்கும் என்று உனக்கே தெரியும். ஓபரா மேடையோ ஆளை அளந்து பார்த்துவிட்டுக் கையை விரிக்கிறது. முகம் காட்டாத வானொலிதான் அவனைப் புகழேற்றுகிறது. கோமாளி நண்பன் ஒருவன் சிரிக்க வைக்கிறான். ஆசைப்பட்ட பெண் மற்ற நண்பனிடம் போய்விடுகிறாள். அரிச்சந்திரன் வேடத்தை நெடுவலுக்குக் கொடுத்துவிட்டு உன்னைத் திரைக்குப் பின்னால் நிற்கவைத்துப் பாடச் சொன்னார்களே, அந்த இரவு முழுவதும் கண்முன்னால் வந்தது. நெடுவல் வாயசைக்க மறந்ததும்தான்.

சிரித்துக்கொண்டே பார்த்தேன். பிறகுதான் நடித்தவரின் கதையைத் தேடிப் படித்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டேன்.

அவர் யோசப் ஷ்மித். கிழக்கு ஐரோப்பாவின் புக்கோவினாவில் பிறந்த யூதர்; அங்கே செர்னோவிட்ஸ் நகரத்துத் தொழுகைக்கூடத்தில் பாடியவர். உயரம் படத்தில் பார்த்ததுதான். பெர்லின் வானொலியில் ஓபரா பாடிப் பெயரெடுத்தவரை, நாஜிகள் வந்ததும் அதே வானொலி வெளியே தள்ளியது. படத்தின் முதற்காட்சி 1933 மே 9, பெர்லினில். மறுநாள் இரவு அதே ஊரின் ஓபரா சதுக்கத்தில் புத்தகங்களைக் குவித்துக் கொளுத்தினார்கள். புத்தகம் எரிகிற மணம் எப்படியிருக்கும் என்று உனக்கு நான் எழுதத் தேவையில்லை.

வியன்னா, பிரான்ஸ் என்று ஓடி, 1942இல் களவாக எல்லை கடந்து இந்த நாட்டுக்குள் வந்திருக்கிறார். கீரன்பாட் என்ற இடத்து முகாமில் போட்டார்கள். தொண்டை நோவுக்கு வைத்தியம் செய்தவர்கள், நெஞ்சு நோகிறது என்று அவர் சொன்னதை நடிப்பென்று தள்ளித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நவம்பர் 16, முகாமுக்குப் பக்கத்து விடுதி ஒன்றில் உயிர் போனது. வயது 38. மச்சான், 'நடிப்பு' என்ற அந்தச் சொல்லை நானும் கேட்டிருக்கிறேன். வந்த புதிதில், விசாரணை மேசைக்கு இந்தப் பக்கம் இருந்துகொண்டு. எனக்கு அன்று பாஷை விளங்கவில்லை. மொழிபெயர்த்தவர் தலையைக் குனிந்துகொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை அவருடைய கல்லறைக்குப் போனேன். ஃபிரீசன்பெர்க் யூதர் மயானம், வீட்டிலிருந்து ஒரு பஸ்தான். இத்தனை வருடமாக அந்த வழியால் வேலைக்குப் போய்வந்தவன் நான்! பூ கொண்டுபோனேன். அங்கே எல்லாக் கல்லறைகளிலும் சிறு கற்கள்தான் வைத்திருந்தார்கள். பூவைப் பைக்குள் வைத்துவிட்டு, பாதையோரத்தில் ஒரு கல் தேடி எடுத்து வைத்தேன்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். மயான காண்டத்தில் நீ பாடிய அந்த விருத்தத்தைத் தொலைபேசியில் பதிந்து அனுப்பு. தொண்டை கட்டியிருந்தாலும் பரவாயில்லை. திரையில்லாமல், முகம் தெரியப் பாடு.

உன்
முழங்கால்காரன்