பழுது பார்க்கக் கொடுத்த 70–200 லென்ஸ் ஒரு பக்கம் சாய்ந்து வந்திருப்பது பற்றிய புகார்

அனுப்புநர்: ஒளிப்படக் கலைஞர், சாட்ஸ்வர்த், டர்பன்
பெறுநர்: மேலாளர், கேமரா பழுதுநீக்கும் பிரிவு, ஜோகன்னஸ்பர்க்

பொருள்: 70–200 மி.மீ. எஃப் 2.8 லென்ஸின் பழுதுநீக்கம். திரும்பி வந்த லென்ஸில் புதிய கோளாறு

ஐயா,

வணக்கம். ஜூம் வளையம் 135 மி.மீ.யைத் தாண்டும்போது இறுகுகிறது, பின்வில்லையில் ஃபங்கஸ் தொடங்கியிருக்கிறது என்ற இரண்டு குறைகளுக்காக லென்ஸையும் அதனுடன் டி.எஸ்.எல்.ஆர். பாடியையும் (லென்ஸ் மாட்டும் கேமராவையும்) உங்களிடம் அனுப்பினேன். உள்துப்புரவு, ஜூம் ரோலர் மாற்றம், ஃபோகஸ் சரிபார்ப்பு என்று பில்லில் போட்டு 4,850 ராண்ட் வாங்கியிருக்கிறீர்கள். ஃபங்கஸ் போய்விட்டது, ஜூமும் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் போகும்போது இல்லாத ஒரு கோளாறோடு லென்ஸ் திரும்பியிருக்கிறது: படத்தின் வலது ஓரம் முழுக்க மங்கல்.

தொலைபேசியில் கேட்டதற்கு, “இந்த லென்ஸுக்கு ஓரத்தில் கொஞ்சம் வளைவு இருக்கும், அளவுக்குள்தான் இருக்கிறது” என்று பதில் வந்தது. ஃபோகஸ் தளத்தின், அதாவது தெளிவாக விழும் பரப்பின், வளைவு என்றால் இடது, வலது இரண்டு ஓரமும் ஒரே அளவு மங்க வேண்டும். இங்கே இடது ஓரம் கத்தி போல இருக்கிறது. டர்பனின் கடற்காற்று ஈரத்தின் மேல் பழி போட்டதும் பொருந்தாது. ஃபங்கஸ் படர்ந்தால் படத்தில் வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள மாறுபாடு குறையும், விளக்குக்கு எதிரே எடுத்தால் வெளிறும். ஒரு பக்க ஓரத்தை மட்டும் பொறுக்கி எடுத்து மங்கலாக்காது.

உங்கள் டெக்னீஷியன் தன் மேசையிலேயே செய்து பார்க்கச் சோதனையை விவரமாக எழுதுகிறேன். செங்கல் சுவர் ஒன்றில் சின்னக் கண்ணாடியைத் தட்டையாக ஒட்டி, லென்ஸின் பிம்பம் வ்யூஃபைண்டரின் நடுவில் விழும்வரை ட்ரைபாடை நகர்த்தினால் சென்சாரும் சுவரும் இணையாகிவிடும். தூரம் குவியத் தொலைவைப் (லென்ஸின் மி.மீ. எண்ணைப்) போல 50 மடங்கு, 200 மி.மீ.க்கு 10 மீட்டர், 70-க்கு மூன்றரை மீட்டர். அதிர்வுக் குறைப்பை அணைக்க வேண்டும். இல்லாவிட்டால் மிதக்கும் வில்லை எந்த இடத்தில் நிற்கிறது என்பதே ஒவ்வொரு ஷாட்டுக்கும் மாறும். ஐ.எஸ்.ஓ. 100, ரா ஃபைல் (திருத்தாத மூலப் பதிவு), கேமராவுக்குள் இருக்கும் கண்ணாடியை மேலேற்றிய நிலை, இரண்டு விநாடி டைமர். மென்பொருளில் லென்ஸ் திருத்தம் எதுவும் இருக்கக் கூடாது.

நடுவில் ஃபோகஸ் வைத்து 200-ல் எஃப் 2.8-இல், அதாவது துளை முழுக்கத் திறந்த நிலையில், எடுத்தால் வலது மூன்றிலொரு பங்கில் செங்கல் இடைச் சாந்தின் மணல் தெரியவில்லை. துளையைச் சுருக்கி எஃப் 5.6-இல் எடுத்தாலும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரிகிறது, எஃப் 8-இல்தான் ஓரளவு ஒத்து வருகிறது. கேமராவைத் தலைகீழாகத் திருப்பி எடுத்தாலும் மங்கல் படத்தின் அதே பக்கத்திலேயே நிற்கிறது. ஆகவே சுவர் சாய்ந்திருக்கிறது என்று சொல்ல முடியாது. இதே பாடியில் வேறு லென்ஸ் சரியாக இருக்கிறது, இதே லென்ஸ் வேறு பாடியில் அதே தவறைச் செய்கிறது.

இனி முக்கியமான ஒன்று. லைவ் வ்யூவில் பத்து மடங்கு பெரிதாக்கி, வலது ஓரத்தின் மேலேயே ஃபோகஸ் வைத்தால் அந்த ஓரம் அருமையாகத் தெளிகிறது, இடது ஓரம் விழுந்துவிடுகிறது. வில்லை மையம் விலகியிருந்தால் ஃபோகஸை எப்படித் திருப்பினாலும் அந்த ஓரம் இந்த அளவுக்குத் தெளியாது. தெளிகிறது என்றால் உள்ளே ஏதோ ஒரு வில்லைத் தொகுதி சாய்ந்திருக்கிறது. அதோடு 70-ல் கோளாறு தெரியவே இல்லை, 135-இலிருந்து ஆரம்பித்து 200-ல் உச்சத்துக்குப் போகிறது. மவுண்ட் (லென்ஸைப் பாடியில் மாட்டும் வளையம்) சாய்ந்திருந்தால் எல்லாக் குவியத் தொலைவிலும் ஒரே அளவாக இருந்திருக்கும். ஜூமுடன் சேர்ந்து வளரும் சாய்வு, ஜூமுடன் நகரும் தொகுதியைத்தான் காட்டுகிறது. நீங்கள் ரோலர் மாற்றியதும் அங்கேதான்.

இந்த வகை ஜூம்கள் பலவற்றில் தொகுதியைத் தாங்கும் ரோலர்களில் சில, துளை நடுவில் இல்லாத எக்சென்ட்ரிக் ரோலர்கள். அவற்றைத் திருகித்தான் தொழிற்சாலையில் சாய்வைச் சரிசெய்கிறார்கள். கழற்றும் முன் நிலையைக் கோடு போட்டுக் குறிக்காமல் புதியதைக் கைக்கு வந்த கோணத்தில் முடுக்கினால் ஜூம் வழவழப்பாக ஓடும், படம் மட்டும் சாயும். இது என் ஊகம். லென்ஸை நான் திறக்கவில்லை. திறந்து பார்த்து எழுத்தில் சொல்ல வேண்டியது நீங்கள்.

சாய்வைச் சரிசெய்வதற்குப் பதிலாக, பாடியில் இந்த லென்ஸுக்கு ஏ.எஃப். (தானியங்கி ஃபோகஸ்) நுண்திருத்தம் +12 என்று பதிந்து அனுப்பியிருக்கிறீர்கள். இதுதான் எனக்கு எரிச்சல் மூட்டியது. அந்த எண் ஃபோகஸ் தளம் முழுவதையும் பின்னால் தள்ளும், சாய்ந்ததை நிமிர்த்தாது. இப்போது நன்றாக இருந்த நடுப்பகுதியிலும் மூக்கில் விழ வேண்டிய ஃபோகஸ் காதுக்குப் போகிறது. 0-க்கு மாற்றியதும் நடுப்பகுதி சரியாகிவிட்டது. கல்யாண மேடையில் இருபது பேர் வரிசையாக நிற்கும்போது எஃப் 5.6-இல் வலது ஓரத்து மாமா, அத்தை முகங்கள் கரைந்து போனால், நடுவில் மாப்பிள்ளை தெளிவாக இருந்து என்ன பயன்?

இன்னொன்று, சின்ன விஷயம்தான். மவுண்ட் வளையத்தின் நான்கு ஸ்க்ரூக்களில் இரண்டின் தலை தேய்ந்து பிசிறடித்திருக்கிறது. ஜப்பானிய லென்ஸ் ஸ்க்ரூவுக்கு ஜே.ஐ.எஸ். (ஜப்பானியத் தரநிலை) முனை வேண்டும், சாதாரண பிலிப்ஸ் முனை போட்டால் வழுக்கி இப்படித்தான் தின்னும். ஒன்றரைக் கிலோ லென்ஸ் தொங்கும் இடம் அது.

2008-ஆம் ஆண்டின் 68-ஆம் எண் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 54-இன்படி சேவைக்குக் கொடுத்த பொருள் கொடுத்தபோது இருந்த நிலைக்குக் குறையாமல் திரும்ப வேண்டும்; இல்லையென்றால் குறையைச் சரிசெய்யவோ, கட்டணத்தில் நியாயமான பங்கைத் திருப்பவோ நான் கேட்கலாம். பிரிவு 57 புதிதாகப் போட்ட பாகத்துக்கும் அதைப் பொருத்திய வேலைக்கும் மூன்று மாத உத்தரவாதம் தருகிறது. பிரிவு 67-இன்படி கழற்றிய பழைய ரோலர்களை நீங்கள் என்னிடம் திருப்பியிருக்க வேண்டும். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, பெட்டியிலும் இல்லை.

ஆகவே நான் கேட்பது: லென்ஸைத் திறந்து ஒளியியல் சீரமைப்பை மறுபடி செய்யுங்கள். 70, 135, 200 மூன்றிலும் நான்கு மூலைகளின் அளவீட்டுத் தாளை லென்ஸோடு அனுப்புங்கள். “அளவுக்குள்” என்றால் எந்த அளவு என்று அதில் எண்ணாக இருக்கட்டும். நான்கு மவுண்ட் ஸ்க்ரூக்களையும் மாற்றுங்கள், பழைய ரோலர்களைச் சேர்த்து வையுங்கள். போகவர கூரியரும் இன்ஷூரன்ஸும் உங்கள் செலவு. சீரமைப்புக்கான கருவி உங்களிடம் இல்லையென்றால் அதை இப்போதே சொல்லிவிடுங்கள். 4,850 ராண்டைத் திருப்பித் தந்தால் வேறிடத்தில் பார்த்துக்கொள்கிறேன். பதினைந்து வேலை நாட்களுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், நுகர்வோர் பொருள் மற்றும் சேவைகளுக்கான ஆம்பட்ஸ்மன் (குறைதீர்ப்பாளர்) அலுவலகத்துக்கு இதே கடிதத்தை அனுப்புவேன்.

பில் நகல், மூன்று குவியத் தொலைவுகளிலும் எடுத்த ரா ஃபைல்கள், ஸ்க்ரூ தலைகளின் நெருக்கப் படம் ஆகியவை இணைப்பில் உள்ளன. பாடியை இந்த முறை அனுப்பப் போவதில்லை, கோளாறு லென்ஸில்தான்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்